ஆளை வீழ்த்தக் கற்க தாவ்லுவா, ஷுவாய் ஜியாவா?

சீனத் தற்காப்புக் கலைகளில் ஆளைத் தூக்கிப் போடும் நுட்பங்களைக் கற்க இரண்டு வழி உண்டு. ஒன்று, தை ச்சி போன்றவற்றில் தனியாகச் செய்யும் அசைவுத் தொடரான தாவ்லு. மற்றது, தடித்த பருத்திச் சட்டையைப் பிடித்து மோதும் ஷுவாய் ஜியாவ் மல்யுத்தம். இரண்டையும் பழகிப் பார்த்துவிட்டு நான் ஷுவாய் ஜியாவிலேயே தங்கிவிட்டேன்.

தாவ்லுவுக்குத் துணை ஆள் வேண்டாம், கொஞ்சம் இடம் போதும், அடிபடாது. அதில் வீழ்த்தும் நுட்பம் இல்லை என்பதும் சரியல்ல. 'காட்டுக் குதிரையின் பிடரியைப் பிரித்தல்' என்ற தை ச்சி அசைவையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் காலுக்குப் பின்னால் நம் காலை வைத்து, அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து இடுப்பைத் திருப்பினால் அவர் மல்லாக்கச் சாய்வார்.

ஆனால் சாய்ந்தவர் விழ வேண்டுமே! என் முடிவைத் தீர்மானித்தது இந்த விழும் பயிற்சிதான். தாவ்லு வகுப்பில் துணையோடு செய்து பார்க்கும்போது யாருக்கும் விழத் தெரியாது. அதனால் பாதிச் சாய்விலேயே நிறுத்திவிடுவோம். ஷுவாய் ஜியாவில் முதலில் கற்பதே விழுவதுதான். முகவாயை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காக்க வேண்டும். போடுபவரும் சட்டைக் கையை விடாமல் பிடித்து விழுபவரைத் தாங்குவார். விழத் தெரிந்த துணை இருந்தால்தான் ஒரு நுட்பத்தைக் கடைசிவரை, முழு வேகத்தில் செய்ய முடியும். அப்போதுதான் நம் குறைகளும் தெரியவரும். எதிராளியை முதலில் பிடியால் இழுத்து நிலைகுலைக்காமல், தூக்கிப் போட அவருக்கு அடியில் நம் இடுப்பை நுழைத்தால், நம்மைவிட மெலிந்தவர்கூட அசைய மாட்டார். காற்றில் செய்யும்போது இந்தத் தவறு கண்ணில் படாது.

ஷுவாய் ஜியாவிலும் தனிப் பயிற்சி உண்டு. ஆனால் ஒவ்வோர் அசைவும் ஒரு குறிப்பிட்ட வீழ்த்தலுக்கானது, உடனே ஆள்மேல் செய்து பார்த்துவிடலாம். தைவானில் காவல்துறைக் கல்லூரியில் ஷுவாய் ஜியாவ் கற்பித்த சாங் துங் ஷெங், தன் பெயரில் ஒரு தை ச்சி தொடரையும் உருவாக்கினார். ஆட்களைப் போட்டுப் பழகியவர் தொகுத்த தொடர் என்பதால் அதன்மேல் எனக்குத் தனி மதிப்பு.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் வயதான பிறகு தொடங்குபவர்களுக்கும் எது ஏற்றது என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. மற்றவர்களுக்கு, ஊரில் ஷுவாய் ஜியாவ் வகுப்பு கிடைக்காவிட்டால் ஜூடோவில் சேருங்கள் என்பேன். அங்கேயும் விழுவதில்தான் தொடங்குவார்கள். தாவ்லுவை அப்புறம் கற்றுக்கொள்ளலாம்.