வோத்ரானா, ஸ்டைனா: ஒரே பிளாஸ்டிக், இரண்டு பாரிஸ் பட்டறைகள்

மூக்குக்கண்ணாடி ஃப்ரேமும் பழைய சினிமாச் சுருளும் செய்யப் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு பாரிஸில் இரண்டு பெண்கள் நகை செய்தார்கள். ஒருவர் லீன் வோத்ரான், இன்னொருவர் லியா ஸ்டைன். இருவரின் நகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொருள் ஒன்றுதான் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

வோத்ரான் (1913–1997) உலோக வார்ப்புக் குடும்பத்தில் பிறந்தவர். வெண்கலத்தை வார்த்து, முலாம் பூசி, அதிலேயே பெயர் வாங்கியவர். 1950களில்தான் பிளாஸ்டிக் பக்கம் வந்தார். அசிடேட்டைச் சூடாக்கி வளைத்து, மேலே கீறிச் சுரண்டி, கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தார். அந்த முறைக்கு அவர் வைத்த பெயர் தலோசெல். வெளிப்புறம் குவிந்த முகக்கண்ணாடிகளைச் சுற்றி அவர் செய்த சட்டங்கள்தான் இன்று ஏலங்களில் அதிகம் பேசப்படுகின்றன. ஆனால் கழுத்தணி, காதணி, ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை) எல்லாவற்றிலும் அதே கைதான் தெரிகிறது. கிட்டே வைத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் என்றே தோன்றாது. மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த ஏதோ பழம்பொருள் போல, கரடுமுரடாக, நடுநடுவே மின்னும்.

ஸ்டைன் போன வழியே வேறு. அவர் நகை விற்க ஆரம்பித்தது 1969 வாக்கில். கணவர் ஃபெர்னான் ஸ்டைன்பெர்கர் வேதியியல் தெரிந்தவர். மெல்லிய அசிடேட் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரே பலகையாக்கும் முறை அவருடையது. சில அடுக்குகளுக்கு நடுவே லேஸ் துணியும் வைப்பார்கள். அப்புறம் அந்தப் பலகையை உருவமாக வெட்டுவார்கள்.

ஸ்டைனின் நரி ப்ரூச்சைப் பார்த்தாலே போதும். தலை, உடம்பு, வளைந்து சுருளும் வால் எல்லாம் ஒரே துண்டு. தனித்தனியாக வெட்டி ஒட்டியதில்லை. பக்கவாட்டில் திருப்பினால் வெட்டிய ஓரத்தில் அடுக்குகள் கோடுகோடாகத் தெரியும். அதை மறைக்க அவர் முயலவே இல்லை, எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான். பின்பக்கம் V வடிவ உலோக ஊசி, அதில் ‘லியா ஸ்டைன் பாரிஸ்’ என்று பிரெஞ்சில் பொறித்திருக்கும். ஆனால் அந்த ஊசியை மட்டும் வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது. 1981ல் கடை மூடிய பிறகு 1988ல் மறுபடி தொடங்கியபோதும் அதே மாதிரி ஊசிதான். பழையது என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் நிதானமாக விசாரியுங்கள்.

கைத்திறன் என்று பார்த்தால் வோத்ரான்தான் மேல், சந்தேகமே இல்லை. ஒவ்வொரு கீறலும் தனியாக விழுந்தது. ஸ்டைனின் உருவங்களோ பல நிறங்களில் திரும்பத் திரும்ப வந்தவை. இருந்தாலும் பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்காகவே மதித்தவர் ஸ்டைன். நிறத்தை அடுக்குக்குள்ளேயே வைப்பது, மெலிதாக வெட்டியும் உடையாமல் நிற்பது, பெரிய உருவமாக இருந்தும் ரவிக்கையையோ சட்டையையோ இழுக்காத லேசான எடை, இதெல்லாம் அந்தப் பொருளுக்கே உள்ள குணங்கள். வோத்ரான் அதைக் கல்லாகவும் உலோகமாகவும் மாற்றப் பார்த்தார். அதனால் நகை என்ற அளவில் என் ஓட்டு ஸ்டைனுக்கு. சுவரில் மாட்டும் கண்ணாடி என்றால் மட்டும் வோத்ரான்.

1970களில் ஜெர்மனியின் கிளவுஸ் பூரியும் பிரிட்டனின் டேவிட் வாட்கின்ஸும் அக்ரிலிக் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கைத் தங்கத்தோடு சேர்த்துச் செய்த நகைகள் இன்னும் துணிச்சலானவை. ஆனால் அவை பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் பார்க்கிற வகை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம், இருவருக்கும் பொது. பழைய அசிடேட் காலப்போக்கில் சுருங்கும், வளையும். வோத்ரான் நகையில் பதித்த சில்லு இதனால் தளரக்கூடும், அதனால் ஒவ்வொன்றையும் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வினிகர் வாடை வந்தால் பொருள் சிதையத் தொடங்கிவிட்டது, வாங்காதீர்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் இதைக் கரைத்துவிடும், பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால் வெளிவரும் அமிலம் உள்ளேயே தங்கிச் சிதைவை வேகப்படுத்தும். வெயில் படாத, சூடில்லாத இடத்தில் காகித உறையில் வைத்தால் போதும்.