கன்னியாகுமரிச் சிப்பிக் கடையில் வாங்கிய பொத்தான் நத்தை மாலை

கன்னியாகுமரியில் பகவதியம்மன் கோயிலை ஒட்டிய கடைத்தெருவில், பெரிய சங்குகளுக்கும் சோழிகளுக்கும் பின்னால் தொங்கிய சிறு ஓட்டு மாலை ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குள் அடங்கும் இந்தத் தட்டையான, வழவழப்பான ஓடுகள், 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் விவரித்த அம்போனியம் வெஸ்டியாரியம் என்னும் கடல் நத்தைக்கு, அதாவது பொத்தான் நத்தைக்கு, உரியவை. அலை ஏறி இறங்கும் மணலில் கூட்டமாகப் புதைந்து வாழும் இந்நத்தை, தன் உறவினங்கள் பலவற்றைப் போலப் பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னாமல், கடல்நீரைச் செவுள்களால் வடிகட்டி நுண்துகள்களை உண்கிறது.

ஒரே கூட்டத்திலேயே சாம்பல், இளஞ்சிவப்பு, மஞ்சள், பழுப்பு என நிறங்களும், கோடு, புள்ளி, நெளிவரி எனக் கோலங்களும் மாறிக்கொண்டே இருப்பதால், நான் வாங்கிய மாலையில் முழுதும் ஒத்த இரண்டு ஓடுகளைத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இதற்குக் கொடுத்த விலை முழுவதும் இந்த வேறுபாட்டுக்கே தகும். அப்படியிருக்க, அதே கடையில் சிவப்பும் பச்சையுமாகச் சாயமேற்றி வார்னிஷ் பூசிய மாலைகளை முன்வரிசையில் மாட்டியிருந்தது வருத்தமளித்தது. இயற்கை கொடுத்த கோலத்தை மறைத்துவிட்டு அதற்குக் கூடுதல் விலையும் கேட்கிறார்கள்.

நூல் கோத்த துளைகள் பெரும்பாலும் கருவியால் போட்டவை; ஓரம் நேராக இருக்கும். சில ஓடுகளில் மட்டும், வெளிப்புறம் அகன்று உட்புறம் குறுகும் வட்டத் துளை ஒன்று தனியாகத் தெரிகிறது. அது நேட்டிசிடே குடும்பத்து ஊனுண்ணி நத்தை, இரையை உண்பதற்காகத் துளைத்த துளை. அத்தகைய ஓடு, கடலிலேயே உயிர் போன நத்தையினுடையது என்பது உறுதி. உயிரோடு அள்ளப்பட்டவை எவை, கரையில் ஒதுங்கியவை எவை என்று கடைக்காரர்கள் பிரித்து விற்றால், ஒதுங்கியவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கவும் நான் தயங்கமாட்டேன்.

கோத்த வேலையில் குறை உண்டு. நைலான் நூல் மெல்லியது, முடிச்சுகள் தளர்வானவை. சில வாரங்களில் அறுந்தபின் தடித்த பருத்தி நூலில் மீண்டும் கோத்துக்கொண்டேன். ஓடு கால்சியம் கார்பனேட் ஆகையால் எலுமிச்சையோ வினிகரோ பட்டால் மெருகு போய்விடும். நல்ல தண்ணீரில் அலசித் துணியால் துடைத்தால் போதும். வாங்குவோர் சாயமேற்றாததைக் கேட்டு வாங்கவும். பெரும்பாலும் அது உள்ளே இருக்கும்.