ஹால்ஸ்டாட்டுக்கு ஒருநாள் பயணம்: ரயிலா, பஸ்ஸா?

சால்ஸ்பர்க்கிலிருந்து ஆஸ்திரியாவின் இந்த ஏரிக்கரைக் கிராமத்துக்குப் போக இரண்டு வழிகள் உண்டு.

ரயிலில் போனால் அட்நாங்-புக்ஹைமில் மட்டும் மாற வேண்டும். சுமார் இரண்டரை மணி நேரம். வழியில் டிரவுன் ஏரி இடப்பக்கம் வரும், இடத்து ஜன்னலைப் பிடியுங்கள். பலர் ஏமாறுவது ஒரு விஷயத்தில்: ஹால்ஸ்டாட் ஸ்டேஷன் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கிருந்து படகு; பத்து நிமிடத்துக்குள் ஊர் நடுவில் இறக்கிவிடும். ரயில் டிக்கெட்டில் படகுக் கட்டணம் சேராது, கையில் யூரோ சில்லறை இருக்கட்டும். படகுகள் ரயில் நேரத்தை ஒட்டியே ஓடும். ஆகவே இறங்கியதும் கடைசிப் படகின் நேரத்தைப் படகுத்துறைப் பலகையில் படம் எடுத்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் ரயிலும் போச்சு.

பஸ்ஸில் 150-ஆம் எண் பாட் இஷ்ல் வரை. ஃபுஷ்ல், வோல்ஃப்காங் ஏரிகள், இரண்டும் இடப்பக்கமே. பிறகு உள்ளூர் பஸ்ஸில் கோசாமூலே, அங்கே இன்னொரு பஸ். ஊரின் தென்முனையான லானில் இறங்கி நடக்க வேண்டும். நெரிசலில் முதல் பஸ் தாமதித்தால் அடுத்தடுத்த இணைப்புகள் எல்லாம் நழுவும்.

போகும்போது ரயில்தான் சரி. நீர்மேல் நெருங்கும்போது தெரியும் அந்த முதல் காட்சியைப் பஸ் தராது.