ஷெரீஃப்: ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதா, நியமிக்க விடுவதா?

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) இரண்டையும் பார்த்துவிட்டது. 2017-இல் தபாலில் வந்த வாக்குச்சீட்டில் ஷெரீஃப், அதாவது கவுன்டி போலீஸ் தலைவர், பதவிக்கு இரண்டு பெயர்கள். பதவியிலிருந்த ஜான் அர்கர்ட்டை மிட்ஸி ஜோஹானெக்ட் தோற்கடித்தார். 2020 நவம்பரில் அதே கவுன்டி மக்கள், இனி நியமனமே போதும் என்று கவுன்டியின் அடிப்படைச் சட்டமான சாசனத்தையே ஓட்டுப் போட்டுத் திருத்திவிட்டார்கள்.

தேர்தல் என்றால் பிடிக்காதவரை நாமே வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் அதற்கு நாலு வருடம் பொறுக்க வேண்டும், அதுவும் அந்த வரிக்கு வரும்போது பலருக்குப் பேனா நின்றுவிடும், யாரென்றே தெரியாதே! நியமனத்தில் கவுன்டி நிர்வாகத் தலைவர் ஆளைத் தேர்வார், கவுன்சில் ஒப்புதல் தர வேண்டும். 2022-இல் பேட்டி கோல்-டிண்டால் அப்படித்தான் வந்தார். சரியில்லையென்றால் அடுத்த தேர்தல் வரை காத்திருக்காமல் மாற்றலாம்.

எனக்கு நியமனம்தான் பரவாயில்லை. அப்புறம் ஒரு சங்கடம்: இதே கவுன்டியில் இருக்கும் சியாட்டில் நகரத்துக்குத் தனி நகரப் போலீஸ் உண்டு. எந்த நகராட்சியிலும் சேராத புறப்பகுதிக்காரர் அவசர எண்ணான 911-ஐ அழைத்தால் வருவது ஷெரீஃபின் ஆள். ஷெரீஃபைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டுரிமையைப் பறிக்கும் முடிவில் சியாட்டில்காரரும் ஓட்டுப் போட்டார். புறப்பகுதிக்காரருக்கு எரிச்சல் வந்தால் நியாயம்தான்.