பஹ்ரைன் மேடுகளா, ஓமான் கல்லறைகளா?

வளைகுடாவில் வேலை பார்க்கும் நண்பர்கள் கேட்பது இது: பஹ்ரைனின் பழங்காலப் புதைமேடுகள், ஓமானின் பழங்காலக் கல்லறைகள், இரண்டில் ஒன்றைப் பார்க்கத்தான் ஒரு விடுமுறையில் நேரம், எங்கே போவது?

வயது: ஓமானின் அல் அயின் கல்லறைகள் கி.மு. 3000-ஐ ஒட்டியவை. பஹ்ரைனில் தில்முன் என்ற பழைய நாகரிகத்தார் எழுப்பிய புதைமேடுகள் கி.மு. 2200 முதல் 1750 வரை.

எண்ணிக்கை: பஹ்ரைனில் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை மட்டும் 11,774. அல் அயினில் வெறும் 21.

போய்ச் சேர்வது: மேடுகள் உள்ள ஆலி ஊர், பஹ்ரைன் தலைநகர் மனாமாவிலிருந்து சற்று நேரக் கார்ப் பயணம். அல் அயினுக்கு மஸ்கட்டிலிருந்து போக வர ஒரு நாள் போய்விடும். கடைசியில் கொஞ்சம் ஏறவும் வேண்டும்.

பார்வைக்கு: இங்கேதான் வித்தியாசம். தில்முன் மேடுகள் ஆதியில் உருளை வடிவக் கல் கோபுரங்கள். இடிந்து சரிந்து இப்போது மண் குவியலாகத் தெரிகின்றன. பக்கத்திலேயே வீடுகள், குயவர் பட்டறைகள். உள்ளே எப்படி இருக்கும் என்று தேசிய அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டுப் போனால்தான் புரியும். அல் அயினில் அந்தச் சிக்கல் இல்லை. சுண்ணாம்போ சேறோ இல்லாமல், பலகைக் கற்களை அடுக்கியே எழுப்பிய தேன்கூடு போன்ற கல்லறைகள் மலை முகட்டில் வரிசையாக நிற்கும். குனிந்து நுழையும் அளவுக்குத்தான் வாசல். பின்னால் மிஷ்த் மலை. அரபியில் மிஷ்த் என்றால் சீப்பு, முகடும் பல் பல்லாகத்தான் இருக்கும்.

இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை: ஓமான் 1988, பஹ்ரைன் 2019.

குழந்தைகள், பெரியவர்களோடு அரை நாள்தான் என்றால் பஹ்ரைன். ஒரு முழு நாளும் காரும் கையில் இருந்தால் யோசிக்காமல் அல் அயின். மாலை வெயில் சாயும்போது அங்கே இருங்கள். தண்ணீரை மறக்க வேண்டாம், மேலே நிழலே கிடையாது.