சங்கீதங்களில் உண்மையும் சிட்சையும்: ஒலிப்பாடத் தொடர் மதிப்புரை

கர்த்தருடைய உண்மையும் (வாக்கு மாறாமையும்) சிட்சையும் (கண்டித்துத் திருத்துதலும்) வேதாகமத்தின் சங்கீதங்களில் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை விளக்கும் இந்த ஒலிப்பாடத் தொடரில், 89ஆம் சங்கீதத்துக்கான பகுதியே மிகச் சிறப்பானது. தாவீதின் பிள்ளைகள் கட்டளைகளை மீறினால் மிலாற்றினால் (பிரம்பினால்) தண்டிப்பேன் என்று 32ஆம் வசனத்தில் எச்சரிக்கும் தேவன், அடுத்த வசனத்திலேயே தம் கிருபையை விலக்கமாட்டேன் என்று உறுதியளிப்பதைப் பேச்சாளர் நிறுத்தி நிதானமாக விளக்குகிறார். அதைவிட முக்கியமாக, 38ஆம் வசனம் முதல் எழும் முறையீட்டை, தாவீதோடு தேவன் செய்த உடன்படிக்கையே கைவிடப்பட்டதோ என்ற அந்தக் கதறலை, அவர் சற்றும் மழுப்பவில்லை. விசுவாசிக்கு இந்த நேர்மை மிகவும் தேவை. 94, 118ஆம் சங்கீதங்கள் சுருக்கமாகவே வருகின்றன. 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களில் 67, 71, 75 ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உபத்திரவத்தின் பயனைக் காட்டியது சரியான முடிவு. பின்னணி இசை உரக்க ஒலிப்பதால் வசன வாசிப்பு சில இடங்களில் தெளிவாகக் கேட்கவில்லை. அதைக் குறைத்தால் நல்லது.