இராஜபாளையமா, சிப்பிப்பாறையா: குணம் பார்த்து ஓர் ஒப்பீடு

நாட்டு நாய்தான் என்று முடிவெடுத்த பின்னும் இந்த இரண்டுக்கிடையே தயங்குவோர் தென்மாவட்டங்களில் பலர். தோற்றத்தைவிடக் குணத்தை ஒப்பிடுவதே பயன்தரும்.

காவல்: 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற இராஜபாளையம், வேற்றாள் வாசலில் நின்றாலே சீறி எழும், வீட்டில் ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும் பிடிவாதமும் அதற்கு உண்டு. சிப்பிப்பாறையும் காவல் காக்கும், ஆனால் அத்தனை ஆர்ப்பாட்டம் இராது.

ஓட்டம்: முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, ஒட்டிய வயிறும் நீண்ட கால்களுமாகப் பாயத் தொடங்கிவிட்டால், நாம் அழைப்பதைக் காதில் வாங்காது (தெருப் பூனைகள் பாவம்). இராஜபாளையத்துக்கும் அன்றாட நடை தேவை.

பராமரிப்பு: இரண்டுக்கும் குட்டை மயிர் என்பதால் வேலை குறைவு. வெள்ளை இராஜபாளையக் குட்டிகளில் பிறவிச் செவிடு காணப்படுவதால், வாங்குமுன் குட்டியைத் தனியே விட்டு, அதன் பின்னால் நின்று கைதட்டி, தலையைத் திருப்புகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

சுற்றுச்சுவருள்ள தனிவீட்டுக்கு இராஜபாளையமும், தோப்பும் வயலும் உடையவருக்குச் சிப்பிப்பாறையும் பொருந்தும். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இரண்டையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.